"நீங்கள் வென்றுவிட்டீர்கள்" என்று வரும் அழைப்பும் அதன் பிறகு நடக்கும் வியாபாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கொஞ்சம் நீளம். ஆனாலும் வெட்டாமல் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த விசயத்தைச் சுருக்கிச் சொன்னால் "யாரோ ஏமாந்துபோனார்கள்" என்பதோடு முடிந்துவிடும், எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரியவராது.

முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் இலவசப் படப்பிடிப்புப் போட்டி என்று ஒன்று அடிக்கடி வருவதை உங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். தாயும் மகளும், குடும்பம், கைக்குழந்தை, வீட்டு நாய் என்று பல பெயர்களில் வரும். அன்னையர் தினம் கிட்ட வந்தால் இன்னும் கூடும். பெயர், மின்னஞ்சல், போன் நம்பர் மட்டும் கொடுத்தால் போதும். இரண்டொரு நாளில் ஒரு பிள்ளை நல்ல சந்தோசமான குரலில் எடுத்து, நீங்கள் வென்றுவிட்டீர்கள், வாழ்த்துகள் என்று சொல்வார். தலை அலங்காரம், மேக்கப், ஒரு மணித்தியாலப் படப்பிடிப்பு, ஒரு படம் சும்மா, எல்லாம் சேர்த்து 500 பவுண் பெறுமதி என்பார்கள். பிறகு மெதுவாக, உங்கள் நேரத்தை உறுதிப்படுத்த 50 பவுண் மட்டும் கட்டிவையுங்கள், அன்றைக்கு வந்ததும் திருப்பித் தந்துவிடுவோம் என்பார்கள். கார்ட் நம்பர் கையோடு வாங்கப்படும்.

லண்டன் ஹரோவில் இருக்கும் என் மச்சாளுக்கும் அப்படித்தான் அழைப்பு வந்தது. மகள் ஏ லெவல் முடித்துப் பல்கலைக்கழகம் போக இருந்த நேரம். போக முதல் இரண்டு பேரும் சேர்ந்து வடிவாக ஒரு படம் எடுத்து வைக்கலாம் என்று ஆசைப்பட்டார். துணைக்கு நானும் போனேன். அதனால் நான் எழுதுவது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை, அந்த அறைக்குள் இருந்து பார்த்தது.

முதலில் அந்தப் பரிசைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யாரும் யாரையும் வெல்லவில்லை. எங்களுக்கு முன்னால் காத்திருந்த இரண்டு குடும்பங்களும் "வென்றவர்கள்", பிறகு வந்தவர்களும் "வென்றவர்கள்". போன் நம்பர் கொடுத்த எல்லோருக்கும் அதே வாழ்த்துத்தான் போகிறது. இந்தப் போட்டிகளில் பல நம்பர் சேர்ப்பதற்காகவே நடக்கின்றன. விளம்பரம் போடுகிற கொம்பனி ஒன்றாக இருக்கும், படம் எடுக்கிற ஸ்ரூடியோ வேறொன்றாக இருக்கும், இரண்டுக்கும் நடுவில் எங்கள் நம்பர் கைமாறும். பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கிற ஒன்றைப் பரிசு என்று சொல்லி விளம்பரம் செய்யக்கூடாது என்று இந்த நாட்டு விளம்பர விதிகளிலேயே இருக்கிறது. அன்பளிப்பு வேறு, பரிசு வேறு என்று தெளிவாகக் காட்டவேண்டும். அப்படிக் காட்டினால் யார் போவார்கள்? "எங்கள் கடைக்கு வாருங்கள், வருகிற எல்லோரையும் சும்மா படம் எடுக்கிறோம், பிறகு படத்தை விற்போம்" என்று உள்ளதைச் சொன்னால் மச்சாள் போயிருக்கவே மாட்டார்.

சரி, உள்ளே என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

மேக்கப்பும் படப்பிடிப்பும் நன்றாகவே நடந்தன, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. படம் எடுத்த பெடியன் நல்லவன், மகளைச் சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்து எடுத்தான். அது முடிய, படங்களை ஒழுங்குபடுத்தவேண்டும், கொஞ்ச நேரம் இருங்கள் என்றார்கள். அந்தக் கொஞ்ச நேரம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பசி, வெளியே வாகனத் தரிப்பிடத்துக்குக் கட்டிய நேரம் முடிகிறது. பிறகு யன்னல் இல்லாத ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மெத்தென்ற சோபா, சுவரை நிறைத்த திரை, மேசையில் கண் துடைக்கிற ரிஷூத் தாள் பெட்டி. விளக்கைக் குறைத்துவிட்டு, பியானோ இசையோடு படங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டார்கள். மகள் தாயின் தோளில் சாய்ந்திருக்கிற படம் வந்தபோது மச்சாள் அழுதுவிட்டார். யாராக இருந்தாலும் அழுவார்கள். அந்த அழுகைக்காகத்தான் அந்தப் பெட்டி முன்கூட்டியே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

விலை என்ன என்று நான் கேட்டேன். "முதலில் படங்களைப் பார்ப்போம், விலை பிறகு கதைப்போம்" என்றார் விற்பனைக்கு வந்தவர். விலைப்பட்டியல் சுவரிலும் இல்லை, போனில் கதைத்தபோதும் சொல்லப்படவில்லை, அவருடைய கையில் இருந்த ஒரு கோவைக்குள் மூடிக் கிடந்தது. பிறகு இரண்டு இரண்டு படமாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இதில் எதை அழித்துவிடலாம் என்று கேட்கத் தொடங்கினார். எது வேண்டும் என்று கேட்கவேயில்லை, எதை அழிக்கலாம் என்றுதான் கேள்வி. மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை அழியுங்கள் என்று எந்தத் தாய் சொல்வாள்? முப்பது படத்தில் நாலைந்துதான் கழிந்தன, மிச்சம் எல்லாம் "உங்களுக்குப் பிடித்த படங்கள்" ஆகிவிட்டன. அதற்குப் பிறகுதான் கோவை திறந்தது. ஒரு டிஜிட்டல் படம் 120 பவுண். எல்லாம் சேர்த்து வாங்கினால் 2,400. இன்றைக்கே எடுத்தால் 1,600.

மச்சாள் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தோடு வைத்துப் பாருங்கள். முடியாது என்றார். வீட்டுக்காரரோடு கதைத்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றார். உடனே பதில் தயாராக இருந்தது: "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான். நீங்கள் போனதும் படங்கள் கணினியிலிருந்து அழிக்கப்பட்டுவிடும், அது எங்கள் நடைமுறை." மனேஜர் என்று இன்னொருவர் வந்தார், விலையைக் குறைத்தார், போய் வந்தார், திரும்பக் குறைத்தார். கடைசியில் பத்துப் படம் 950 பவுண் என்று வந்து நின்றது. மாதா மாதம் கட்டலாம் என்று கடன் படிவத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள். நான் எழும்பி, வாருங்கள் போவோம் என்றேன். விற்பனைக்காரர் என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்து, "அம்மாவுக்கு இந்த நாள் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும்தானே" என்றார். பதினெட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? வேண்டாம் அம்மா என்று சொன்னால் தாயின் மனம் நோகும், வேண்டும் என்றால் தாயின் காசு போகும், தலையைக் குனிந்துகொண்டு இருந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக நான் அந்தக் கடையை மன்னிக்கமாட்டேன்.

மச்சாள் கடனட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அவர் ஏன் கொடுத்தார் என்று எனக்குத் தெரியும், எங்கள் சனத்துக்கும் தெரியும். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் சனம் எல்லாம் வெளிக்கிட்டபோது மச்சாளின் குடும்பம் வீட்டிலிருந்து எடுத்துவந்தது இரண்டு உடுப்புப் பையும் அடையாள அட்டைகளும்தான். அம்மாவின் கலியாணப் படம், தன்னுடைய சாமத்தியவீட்டு அல்பம், பள்ளிக்கூடத்தில் எடுத்த குழுப் படம், ஒன்றும் இல்லை. திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. மச்சாளின் சின்ன வயது முகம் எப்படி இருந்தது என்று அவருடைய மகளுக்குக் காட்ட ஒரு படம் கிடையாது. வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு இது இன்னும் கொடுமையான கதை. இப்படிப்பட்ட ஒருவரிடம் போய், நீங்கள் கதவைத் தாண்டினால் உங்கள் பிள்ளையின் படங்கள் அழிந்துவிடும் என்று சொல்வது சாதாரண வியாபாரப் பேச்சு இல்லை. விற்பனைக்காரருக்கு எங்கள் கதை தெரிந்திருக்காது, ஆனால் படம் அழியும் என்ற பயம் எல்லாத் தாய்மாருக்கும் உண்டு என்று நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தான் முழுப் பேச்சும் எழுதப்பட்டிருக்கிறது. முப்பது படக் கோப்பை ஒரு மாதம் வைத்திருக்க இந்தக் காலத்தில் என்ன செலவு? அழிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை, வீட்டுக்குப் போய் யோசிக்க விடக்கூடாது என்பதைத் தவிர.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். இதை நான் தேடித் தேடி வாசித்தேன், பலருக்குத் தெரியாததால் எழுதுகிறேன்.

பரிசு வென்றுவிட்டீர்கள் என்று சொல்லி, அதைப் பெற வாடிக்கையாளரிடம் காசு கேட்பது அல்லது செலவு வைப்பது பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்ட செயல். 2008 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் இது எந்தச் சூழ்நிலையிலும் செய்யக்கூடாத செயல்களின் பட்டியலில் இருந்தது, அந்த விதிகளுக்குப் பதிலாக 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சந்தைகள், போட்டி, நுகர்வோர் சட்டத்திலும் இருக்கிறது. அதே பட்டியலில் இன்னும் சில உண்டு: காசு வாங்கிக்கொண்டே இலவசம் என்று சொல்வது, இன்றைக்கு மட்டும் என்று பொய்யாகச் சொல்லி யோசிக்க விடாமல் முடிவெடுக்க வைப்பது, ஒப்பந்தம் போடாமல் இந்த இடத்தை விட்டுப் போகமுடியாது என்ற எண்ணத்தை உண்டாக்குவது. மச்சாளின் அந்த ஒரு நாளை இந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள்.

முற்பணம் திருப்பித் தரப்படும்தானே, அது எப்படிச் செலவாகும் என்று சிலர் கேட்கலாம். இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பியூர்லி கிரியேட்டிவ் என்ற கொம்பனியும் வேறு சில கொம்பனிகளும் கடிதம் மூலமும், பத்திரிகைகளுக்குள் வைத்த சுரண்டல் அட்டைகள் மூலமும், பரிசு உங்களுக்கு என்று சனத்துக்குச் சொல்லிவந்தன. அது என்ன பரிசு என்று அறியவும் அதைப் பெறவும் கூடிய கட்டணத் தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் தபால் போடவேண்டும். அப்போதிருந்த நியாய வர்த்தக அலுவலகம் வழக்குப் போட்டு, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2012 ஒக்டோபர் 18 அன்று நீதிபதிகள் சொன்னது இதுதான்: பரிசைப் பெற வாடிக்கையாளருக்கு ஒரு முத்திரையின் விலை அளவுக்குச் செலவு வைத்தாலும் அது தடைதான், பரிசின் பெறுமதியோடு பார்த்தால் அது அற்பம் என்று வாதாடமுடியாது. ஒரு முத்திரைக்கே இப்படி என்றால், வராவிட்டால் திருப்பித் தரமாட்டோம் என்று வாங்கிவைக்கிற 50 பவுணை என்ன சொல்வது? நான் சட்டத்தரணி இல்லை, ஒவ்வொரு கடையின் நிபந்தனையும் வேறாக இருக்கலாம், ஆனால் இந்தக் கேள்வியை அதிகாரிகள் கேட்டே ஆகவேண்டும் என்பது என் நிலைப்பாடு. நுகர்வோர் சட்டத்தை அமுல்படுத்துகிற போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபைக்கு இந்தப் புதிய சட்டத்தில் நீதிமன்றம் போகாமலே தண்டம் விதிக்கிற அதிகாரமும் இருக்கிறது, ஒரு கொம்பனியின் உலக வருமானத்தில் பத்து சதவீதம் வரை.

அப்புறம் ஒரு முக்கியமான விசயம். எதை வாங்கினாலும் பதினாலு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று எங்கள் ஆக்களில் நிறையப்பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி அந்த உரிமை இணையத்திலும் போனிலும் வாங்கியதற்கும், விற்பவரின் கடைக்கு வெளியே, உதாரணமாக உங்கள் வீட்டு வாசலில் வந்து விற்றதற்கும்தான், அதிலும் சில விதிவிலக்குகள் உண்டு. கடைக்குள் போய் நின்று கையெழுத்து வைத்தால் அந்தப் பதினாலு நாள் கிடையாது. உங்களை எப்படியாவது ஸ்ரூடியோவுக்கு நேரில் வரவைக்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது இதில் பாதி விளங்கும். கடன் படிவத்தில் கையெழுத்து வைத்திருந்தால், வழமையான கடன் ஒப்பந்தம் என்றால், பதினாலு நாளுக்குள் அந்தக் கடனிலிருந்து விலகலாம். ஆனால் விலகுவது கடனிலிருந்து மட்டும், படங்களை வாங்கிய ஒப்பந்தம் அப்படியே நிற்கும், காசை வேறு வழியில் கட்டச் சொல்வார்கள். இதைத் தெரியாமல் கடனை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருந்துவிடக்கூடாது.

கடனட்டையில் கட்டியவர்களுக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி, 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரை விலையுள்ள ஒன்றைக் கடனட்டையில் வாங்கியிருந்தால், விற்றவர் பொய் சொல்லி விற்றதற்கு அட்டைக் கொம்பனியும் சேர்ந்து பொறுப்பு. மச்சாளுக்காக நான் அந்தப் பிரிவைச் சொல்லித்தான் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வங்கி அட்டையில் கட்டியவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை, ஆனாலும் வங்கியிடம் சார்ஜ்பாக், அதாவது கட்டிய காசைக் கடையிடமிருந்து திருப்பி எடுத்துத் தரும்படி, கேட்கலாம், சுணங்காமல் கேட்கவேண்டும். போட்டி விளம்பரத்தையும் வந்த குறுஞ்செய்திகளையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், அந்த விளம்பரங்கள் நாலு நாளில் காணாமல் போய்விடும். யார் என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள்.

முறைப்பாடு செய்வதற்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி இலக்கம் 0808 223 1133, கட்டணம் இல்லை. உங்கள் பிரச்சினையை அவர்களே ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகளுக்கு, அதாவது கடைகள் சட்டப்படி நடக்கின்றனவா என்று பார்க்கிற உள்ளூராட்சி அதிகாரிகளுக்கு, அனுப்புவார்கள். அந்த அதிகாரிகள் உங்கள் காசை நேரே வாங்கித் தரமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரே கடையைப் பற்றி பல பேர் சொன்னால்தான் அவர்களுக்கு அந்தக் கடையின் கதவைத் தட்டக் காரணம் கிடைக்கும். இங்கேதான் எங்கள் ஆக்களில் எனக்குக் கோபம். மச்சாளுக்கு நடந்ததை நான் ஒரு கலியாண வீட்டில் கதைத்தபோது அதே மேசையில் இருந்த இன்னும் இரண்டு பெண்கள், தங்களுக்கும் இப்படித்தான் நடந்தது என்று குரலைக் குறைத்துச் சொன்னார்கள். ஒருவர் வீட்டுக்காரருக்கு இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் "உனக்கென்ன விசரோ" என்று கேட்பாராம். அந்தக் கேள்விதான் இந்த வியாபாரத்தைப் பாதுகாக்கிறது. வீட்டில் இருக்கிற ஆண்களே, தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். நாலு மணித்தியாலம் பசியோடு யன்னல் இல்லாத அறையில் வைத்து, பிள்ளையின் படத்தைக் காட்டிக் காட்டி விலை பேசினால் எவரும் கையெழுத்து வைப்பார்கள்.

பிள்ளைகளை மொடல் ஆக்குகிறோம் என்று வருகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளை தெரிவாகிவிட்டது, படக்கோவை மட்டும் எடுக்கவேண்டும், அதற்கு இவ்வளவு என்பார்கள். இந்த நாட்டில் மொடல்களுக்கு வேலை தேடித் தருகிற முகவர்கள் அவர்களிடம் முற்பணம் வாங்கவே கூடாது. யாராவது முதலில் காசு கேட்டால் அதோடு எழும்பி வந்துவிடுங்கள்.

எல்லாப் படப்பிடிப்பாளரையும் நான் குறை சொல்லவில்லை. எங்கள் கலியாணங்களுக்கும் சாமத்தியவீடுகளுக்கும் படம் எடுக்கிற எத்தனையோ தமிழ் ஆக்கள் விலையை முதலே வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறார்கள், எத்தனை படம், அல்பம் என்ன அளவு, எல்லாம் அதில் இருக்கும். வேண்டாம் என்றால் சரி அக்கா என்பார்கள். விலையை முன்னுக்குச் சொல்கிறவரோடு எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் தமிழ் வானொலி, தொலைக்காட்சிக்காரரிடமும், விழாக்களில் கடைபோட இடம் கொடுக்கிற கோயில் நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இலவசப் படப்பிடிப்புப் பரிசு என்று யாராவது விளம்பரமோ துண்டுபோடும் பெட்டியோ கொண்டுவந்தால், மூன்று கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை பேர் வெல்வார்கள், வென்றவர் ஒரு பென்ஸ் கூடக் கட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோவது என்ன, ஒரு படத்தின் விலை எவ்வளவு. பதில் வராவிட்டால் விளம்பரத்தை எடுக்காதீர்கள். எங்கள் பத்திரிகையில் வந்தது என்றால் எங்கள் அம்மாமார் நம்புவார்கள், அந்த நம்பிக்கையை வேறு ஒருவர் வாடகைக்கு எடுக்க விடக்கூடாது.

மச்சாளின் முறைப்பாடு பதிவாகிவிட்டது. அட்டைக் கொம்பனியிலிருந்து இன்னும் முடிவு வரவில்லை, கூடுதல் விவரம் கேட்டிருக்கிறார்கள், கொடுத்திருக்கிறோம். முடிவு எப்படி வந்தாலும் உங்களுக்கு எழுதுகிறேன், அதையும் போடுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லண்டன்